ஊனோ காட்ஸ் பெட்டி: மூளைக் காயத்துக்குப் பின் விதி மாற்றிப் பழக வீட்டில் ஒரு கருவி

கொழும்பில் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் காலி வீதிக் கடைகளிலும் விளையாட்டுச் சாமான் தட்டில் கிடக்கும் ஊனோ காட்ஸ் பெட்டியை இங்கே ஒரு விளையாட்டாக மதிப்பிடவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்திலோ பக்கவாதத்திலோ மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டு, “ஒன்றைப் பிடிச்சா விடுறார் இல்லை” என்று வீட்டார் அலுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, வீட்டு மேசையில் வைத்துப் பயிற்சி கொடுக்கும் கருவியாக அது தேறுமா என்பதுதான் கேள்வி. தேறும். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் விதித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, 108 காட்டில் 28ஐ மட்டும் எடுத்துப் பாவித்தால்தான் அந்த நாலு.

முதலில் கோளாறு எது என்று பார்ப்போம். முதல் கோப்பைத் தேநீருக்குச் சீனி போட்டவரிடம், “இது அம்மாவுக்கு, சீனி வேண்டாம்” என்று சொல்லுங்கள். கேட்பார், தலையாட்டுவார், “ஓம், அம்மாவுக்குச் சலரோகம்” என்று காரணத்தையும் தானே சொல்வார். சொல்லிக்கொண்டே இரண்டாவது கோப்பைக்கும் சீனி போடுவார். விதி தெரியும், கை பழைய விதியில் நிற்கிறது. இதைப் பிடிவாதம் என்றோ வேண்டுமென்று செய்கிறார் என்றோ எடுப்பதால்தான் பாதி வீட்டுச் சண்டை வருகிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற மூளை மூன்று காரியம் பார்க்கவேண்டும்: பழைய விதியிலிருந்து கழல வேண்டும், அது திரும்பத் தலைநீட்டும்போது அடக்க வேண்டும், புதிய விதியைத் தூக்கி நிறுத்த வேண்டும். முன்மூளையும் அதோடு இணைந்து வேலை செய்யும் அடிமூளைக் கருக்களும் அடிபட்டால் இந்த மூன்றில் எதுவும் கெடலாம். எது கெட்டது என்று தெரியாமல் பயிற்சி கொடுப்பது வீண் வேலை. ஊனோ காட்டின் நல்ல குணம், அது எது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

காரணம் இருக்கிறது. இந்தக் கோளாற்றை அளக்க உளவியலாளர்கள் பாவிக்கும் விஸ்கொன்சின் காட் வகைப்படுத்தல் பரிசோதனை 1948இல் உருவானது. நாலு முகப்புக் காட், அவற்றின் கீழே ஒவ்வொன்றாக வைக்க ஒரு கட்டு. நிறத்தாலா, வடிவத்தாலா, எண்ணிக்கையாலா சேர்ப்பது என்று சொல்லமாட்டார்கள்; சரி, பிழை மட்டும் சொல்வார்கள். தொடர்ந்து பத்துச் சரி வந்ததும் சொல்லாமல் விதியை மாற்றுவார்கள். முன்மூளையில் சத்திரசிகிச்சை நடந்தவர்கள் பிழை என்று கேட்ட பிறகும் பழைய விதியிலேயே வைத்துக்கொண்டு போனதை மொன்றியலில் பிரெண்டா மில்னர் 1963இல் காட்டினார். நிறம், இலக்கம் என்ற இரண்டு விதியால் சேர்க்கக்கூடிய ஒரு கட்டு அநேகமாக எந்த ஊரிலும் வாங்கலாம் என்றால் அது ஊனோதான். எழுத்து வாசிக்கத் தேவையில்லை என்பதால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதில் பேசும் வீட்டிலும் பாவிக்கலாம். பேச்சு தடைப்பட்டவருக்கும் பொருந்தும்.

வாங்கும்போது

பழைய பெட்டியில் 108 காட் இருக்கும்: நிறத்துக்கு ஒரு பூச்சியம், 1 முதல் 9 வரை இரண்டிரண்டு, ஆக 76 இலக்கக் காட், 24 செயல் காட், நிறம் மாற்றும் கறுப்புக் காட் 8. புதிதாக வருபவற்றில் 112ம் உண்டு. நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

பார்க்கவேண்டியது நிறம். மலிவு நகல் பெட்டிகளில் பச்சையும் நீலமும் கிட்டக்கிட்ட நிற்கும், மஞ்சள் செம்மஞ்சளாகச் சாயும். கடை வெளிச்சத்தில் தெரியாது. வீட்டில் மஞ்சள் பல்பின் கீழ் இரவு ஏழு மணிக்குத் தெரியும். நிறம் குழம்பி வரும் பிழையை மூளைப் பிழை என்று எழுதி வைத்துக்கொண்டு கவலைப்படும் குடும்பங்கள் உண்டு. பச்சை 3ஐயும் நீலம் 3ஐயும் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒரு கணம் யோசிக்க வேண்டி வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அடுத்தது கடதாசி. கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஜன்னல் திறந்து வைக்கும் வீட்டில், மெல்லிய மட்டைக் காட் ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு காட் ஒன்றாக வந்தால் எண்ணிக்கை குழம்பும், விதி மாறும் இடமும் தவறும். பிளாஸ்டிக் காட் ஒட்டாது. ஆனால் ஒரு பக்கம் பலவீனமான கையில் வழுக்கும். கை சரியில்லாதவருக்குத் தடித்த மட்டை, பிஸ்கட் டின்னில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவருக்குப் பிளாஸ்டிக். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தாலும் நகலில் மிச்சம் பிடிக்கவேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

28 காட் எப்படி வருகிறது

நாலு நிறத்திலும் 1, 2, 3, 4 மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு இருப்பதால் 32 கிடைக்கும். அதில் சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, நீலம் 4 ஆகியவற்றில் ஒவ்வொன்று மேசையில் வரிசையாகப் போகும் முகப்புக் காட். அவற்றின் ஜோடிகள், அதாவது மிஞ்சியிருக்கும் இன்னொரு சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, நீலம் 4, கட்டிலிருந்து வெளியே. இதைத்தான் வீடுகளில் தவறவிடுகிறார்கள். இன்னொரு சிவப்பு 1 வந்தால் நிறத்தால் வைத்தாலும் இலக்கத்தால் வைத்தாலும் ஒரே இடம்தான். அவர் எந்த விதியில் நிற்கிறார் என்று அது சொல்லாது. அதை நீக்கிய பிறகு மிஞ்சும் 24 காட்டில் ஒவ்வொன்றுக்கும் நிறத்தால் ஒரு இடம், இலக்கத்தால் வேறு இடம். பிழை எந்த வகை என்பது வைத்த இடத்திலேயே தெரியும்.

முதல் நாட்களில் விதி மாற்றமே வேண்டாம். 24ஐயும் நிறத்தால் மட்டும், பிறகு கலைத்து இலக்கத்தால் மட்டும். போன் கடிகாரத்தில் இரண்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். இதிலேயே பிழை வந்தால் அங்கேயே நில்லுங்கள். சிக்கல் பார்வையிலோ விளங்கிக்கொள்வதிலோ இருக்கிறது. இடது ஓரக் காட்டின் கீழ் எதுவுமே விழாவிட்டால் அவர் இடது பக்கத்தைக் கவனிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். மேசையின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு முறையும் அந்த டேப்பிலிருந்து பார்க்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டத்தில் மாற்றம் அறிவித்து வரும். ஆறு காட் நிறத்தால், பிறகு “அப்பா, நில்லுங்கோ. இனி இலக்கம்.” அவர் ஒவ்வொரு காட்டையும் வைக்க முன்னர் “இலக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஆறு முடிய மறுபடி நிறம். 24 காட்டில் மூன்று மாற்றம் வரும். வாய்விட்டுச் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் புதிய விதியைத் தூக்கி நிறுத்தும் வேலையை நாக்கு எடுத்துக்கொள்கிறது, கை அதன் பின்னால் போகிறது. சில நாட்களில் குரலை முணுமுணுப்பாக்கி, பிறகு மனதுக்குள் சொல்லவிடலாம். இதை அவசரப்பட்டு நிறுத்துவதுதான் நாங்கள் பார்க்கும் மிகப் பொதுவான தவறு. மூன்று நாள் பிழையில்லாமல் வந்ததும், “இனிச் சொல்லத் தேவையில்லை” என்று மகன் சொல்லிவிடுவார். நாலாம் நாள் பழைய பிழை எல்லாம் திரும்ப வரும்.

மூன்றாவது கட்டத்துக்கு ஒரு பக்கெட் ஒட்டுப் பொட்டு தேவை. 24இல் நாலு காட்டின் வலது மேல் மூலையில் பொட்டு ஒட்டுங்கள். பொட்டுள்ள காட் வந்தால் அந்தக் காட்டிலிருந்தே விதி மாறும்: நிறம் இலக்கமாகும், இலக்கம் நிறமாகும். இப்போது மாற்றத்தை அறிவிப்பவர் இல்லை. அவரே அடையாளத்தைக் கண்டு தானே மாறவேண்டும். நாலிலிருந்து எட்டுப் பொட்டுவரை கூட்டலாம். ஆரம்பத்தில் இரண்டு பொட்டு அடுத்தடுத்து வராமல் கட்டை அடுக்குங்கள். கொழும்பு வெக்கையில் வியர்த்த விரலுக்குப் பொட்டு கழன்று வரும் என்பதால் ஒவ்வொரு முறையும் தொடங்க முன்னர் எண்ணிப் பாருங்கள்.

கடைசிக் கட்டம் உண்மையான பரிசோதனையைப் போன்றது: அறிவிப்பும் இல்லை, பொட்டும் இல்லை, சரி அல்லது பிழை மட்டும். தொடர்ச்சியாக ஐந்து முதல் எட்டுச் சரிக்குப் பிறகு மாற்றுங்கள். எப்போதும் ஆறில் மாற்றினால் அவர் எண்ணத் தொடங்கிவிடுவார். இந்தக் கட்டம் எல்லாருக்கும் இல்லை. ஞாபகம் மிகவும் குறைந்தவருக்கு ஊகித்துப் பிழைவிடும் பயிற்சி கெடுதலாகலாம், ஏனென்றால் விட்ட பிழையே பழக்கமாகப் படிந்துவிடும். அவருக்கு இரண்டாம், மூன்றாம் கட்டத்தோடு நிறுத்துங்கள். இன்னொரு விடயம்: தேசிய வைத்தியசாலையிலோ வேறெங்கோ அவருக்கு உளவியல் மறுபரிசோதனை வர இருந்தால் இந்தக் கட்டத்தைத் தொடவேண்டாம், செய்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘விதி இரகசியமாக மாறும்’ என்று அறிந்தவருக்கு அந்தப் பரிசோதனையின் அளவு பொய்த்துவிடும்.

பிழையைக் குறிப்பது

ஒரு கொப்பியில் மூன்று கோடு போதும். மாற்றத்துக்குப் பிறகும் பழைய விதியில் வைத்த காட் முதலாவது நிரலில். புதிய விதியில் சரியாக இரண்டு மூன்று வைத்துவிட்டு நடுவில் நழுவியது இரண்டாவதில். எந்த விதிக்கும் பொருந்தாதது மூன்றாவதில். முதல் நிரல் நிரம்பினால் கழல்வதில் சிக்கல்: மாற்றத்துக்கு முன் கையை மேசைக்குக் கீழே வைத்து மூச்செடுக்கும் ஒரு இடைவெளி வையுங்கள், வாய்விட்டுச் சொல்வதைக் கூட்டுங்கள். இரண்டாவது நிரம்பினால் கவனம் தளர்கிறது: விதியை எழுதிய துண்டை முன்னால் வைத்து, 24ஐ 12 ஆக்குங்கள். மூன்றாவது நிரம்பினால் கண்ணாடி, வெளிச்சம், களைப்பு.

நேரம் 15 நிமிடம், காலை உணவுக்குப் பிறகு. வலிப்பு மருந்து குடித்துத் தூங்கி வழியும் வேளையில் வேண்டாம். கொட்டாவி, நெற்றியைத் தேய்ப்பது, காட்டை வைக்க முன்னர் நீளும் மௌனம், இவற்றில் ஒன்று வந்தால் கட்டை மூடுங்கள். பிழை கூடிய நாளில் “இன்னும் ஒருக்கா” என்று இழுப்பது அடுத்த நாளையும் கெடுக்கும்.

உதவி செய்பவர் தன் கண்ணைக் கவனிக்கவேண்டும். சரியான காட்டின் பக்கம் உங்கள் பார்வை போகும், அவர் அதைப் பார்த்து வைப்பார். பிழையே இல்லை என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். கொப்பியைப் பார்த்தபடி இருங்கள். “எத்தனை தரம் சொல்லுறது” என்ற வார்த்தை மேசையில் வரக்கூடாது.

ஒரு கையால் மட்டும் செய்பவருக்கு உடுப்புத் தோய்க்கும் பிரஷ்ஷைத் தும்பு மேலே பார்க்கத் திருப்பி வைத்தால் காட் அதில் நிற்கும். காட் பிடிக்கவென்று விற்கும் தாங்கிகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஊனோவை ஊனோவாகவே விளையாடினால்?

எடுத்தவுடன் வேண்டாம். கறுப்புக் காட், கூட்டி எடுக்கும் தண்டனை, கடைசிக் காட்டில் கத்துவது, பிள்ளைகளின் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து விழும். கோபக் கட்டுப்பாடு குறைந்தவர் காட்டை வீசுவார், பிறகு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஒதுங்குவார். பொட்டுக் கட்டம் நிலைத்த பிறகு, கறுப்புக் காட் எல்லாவற்றையும் இரண்டு எடுக்கும் காட் எட்டையும் நீக்கி, இருவர் மட்டும் விளையாடலாம்.

நம்மவருக்கு அதைவிட நல்ல மேற்படி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: 304 என்ற காட்ஸ் ஆட்டம். காயத்துக்கு முன்னர் அதை அடித்தவராக இருந்தால் மட்டும். 32 காட்; புள்ளிக் கணக்கில் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ராஜாவை ஒன்பது அடக்கும் இந்த வரிசைக்கே வழக்கமான எண்ணத்தை அடக்கவேண்டும். முதல் நாலு காட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டு, மிச்ச நாலு வந்த பிறகு கணக்கை மாற்றவேண்டும். துரும்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். போன ஆட்டத்தின் துரும்பிலேயே நின்று வெட்டப் பார்ப்பதுதான் இங்கே பழைய விதிப் பிழை. துரும்பை ஒரு துண்டில் வரைந்து அவருக்கு முன்னால் வையுங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவரே துண்டை மாற்றட்டும். பழைய கூட்டாளிகளை வைத்து ஆடலாம். ஆனால் மெதுவாக ஆட ஒத்துக்கொள்பவர்களாக இருக்கவேண்டும், காசு வைத்து ஆடக்கூடாது.

மூளைப் பயிற்சி தரும் போன் அப்களுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. லூமோசிட்டி என்ற அப்பை நடத்தும் நிறுவனம் ஆதாரமில்லாமல் பலன் சொல்லி விளம்பரம் செய்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டி, 2016 ஜனவரியில் அது 20 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. 2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு கிழமை கணினிப் பயிற்சி செய்தார்கள்; செய்த பயிற்சியில் தேறினார்கள், பழகாத வேலைகளுக்கு அது போகவில்லை. அவர்கள் மூளைக் காயம் பட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் காயம் பட்டவர்களுக்கென்று 2014இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட இன்கொக் சர்வதேச வழிகாட்டியும், வாழ்க்கையோடு ஒட்டாத கணினிப் பயிற்சியை நம்பியிருக்க வேண்டாம் என்றே சொல்கிறது. தன் வேலையைத் தானே நிறுத்திப் பார்த்துத் திருத்தும் உத்தியை, அன்றாடப் பிரச்சினைகளில் வைத்துப் பழக்கச் சொல்கிறது.

காட்டுக்கு நாங்கள் ஒரு புள்ளியைக் குறைத்ததும் இதே காரணத்தால்தான். காட்டில் தேறியது தானாகக் குசினிக்குப் போகாது, கொண்டுபோக வேண்டும். மேசையில் சொன்ன அதே சொற்களை அங்கேயும் சொல்லவேண்டும்: “நில்லுங்கோ. இப்ப என்ன விதி? வேற வழி என்ன?” தேங்காய்ச் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் இல்லாத நாளை நீங்களே உண்டாக்குங்கள். பச்சை மிளகாய் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். செத்தல் மிளகாய்ப் போத்தலையே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்; மூன்று சொற்றொடரையும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், விடையைச் சொல்லாதீர்கள். காஸ் அடுப்பு அணைந்திருக்கும் வேலையில் இதைத் தொடங்குவது நல்லது.

தெருவிலும் அப்படித்தான். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ் என்று துண்டில் எழுதியிருந்தால், நிறைந்துவரும் 100ஐ விட்டுவிட்டு, பின்னால் காலியாக வரும் 101ஐயும் விடுவார். அதுவும் காலி வீதியால் புறக்கோட்டைக்குத்தான் போகிறது என்று அவருக்குத் தெரியும். துண்டில் ‘100 அல்லது 101’ என்று எழுதிக் கொடுப்பது முதல் படி. ‘100 வராவிட்டால் என்ன?’ என்று எழுதி, விடையை வீட்டிலேயே அவரை நிரப்பவைப்பது அடுத்தது. ஒரு பயணத்தில் ஒரு மாற்றம் மட்டும் வையுங்கள், ஆள் கூடப் போகவேண்டும்.

கிழமைக்கு ஒருமுறை, ஒரே மேசையில், ஒரே வெளிச்சத்தில், 24 காட்டை நிறத்தால் மட்டும் வைக்கும் நேரத்தையும் பொட்டோடு மாற்றி வைக்கும் நேரத்தையும் எடுத்துக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் மாறுவதற்கு மூளை கொடுக்கும் விலை. அது சுருங்கிக்கொண்டு வந்தும் குசினியில் ஒன்றும் மாறாவிட்டால் காட்டை நிறுத்திக் குசினி நேரத்தைக் கூட்டுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்: இன்று நடந்தது நாளை ஞாபகம் இல்லாத, இடம் நாள் குழம்பும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கு. புதிதாகத் தலையிடி, வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டு போகும் தூக்கம் வந்தால் காட் கட்டை வைத்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்காதவர்கள், கிளினிக் வைத்தியரிடம் கேட்டு அரச வைத்தியசாலையில் ஒருமுறையாவது காட்டுங்கள். ராகமையில் வாதநோய், புனர்வாழ்வு வைத்தியசாலை இதற்கென்றே இருக்கிறது. பிழைக் கொப்பியையும் கொண்டுபோங்கள், அரை மணிநேரக் கேள்வி மிச்சமாகும்.

நிறக்குருடு உள்ளவருக்கு ஊனோவுக்குப் பதிலாக ஒரே மாதிரியான இரண்டு சாதாரணக் காட்ஸ் கட்டு வாங்குங்கள். ஏஸ், 2, 3, 4 மட்டும் எடுத்து, நிறத்துக்குப் பதில் பூவின் வடிவத்தால் சேர்த்தால் அதே 32, அதே நாலு முகப்பு, ஜோடி நாலை நீக்கினால் அதே 24. சிவப்பில் இரண்டு வடிவமும் கறுப்பில் இரண்டும் இருப்பதால் கொஞ்சம் கடினம். முதல் கட்டத்தில் கூடுதல் நாட்கள் நில்லுங்கள்.